இடதுகை முடிச்சு

போன வருஷம் என் காதில் ஒரு கருவி மாட்டிவிட்டார்கள். என் வயதுக்காரர்களான உங்களில் பாதிப் பேர் மாட்டியிருப்பீர்கள். மீதிப் பேர் மாட்ட வேண்டியவர்கள், வீம்புக்கு மாட்டாமல் திரிகிறீர்கள். மாட்டியவர்களுக்குத் தெரியும், கையைக் காதுப் பக்கம் கொண்டுபோனால் அது ஊய் என்று ஒரு சீட்டி அடிக்கும். கையை விலக்கினால் சீட்டி இறங்கும். என் பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. வேண்டுமென்றே பக்கத்தில் வந்து கையை ஆட்டுகிறார்கள்.

எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. அந்தச் சீட்டியைப் பத்து வயதிலேயே கேட்டவள் நான். கேட்ட நாளிலிருந்து அதோடு சேர்ந்து ஒரு வெட்கமும் கூடவே வருகிறது. யார் மேல் வெட்கம் என்று கேட்காதீர்கள். என் மேல் உண்டு, எங்கள் நைனா மேல் உண்டு, சித்தப்பா மேல் உண்டு, ஊர் மேலும் உண்டு. அம்மா ஒருத்தி மேல்தான் இல்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் இருந்தது. முன்வாசலில் நின்றால் கடல், பின்வாசலில் நின்றால் ஏரி. உப்பும் கருவாடும் கலந்த வாசனையில்தான் தூங்கி எழுவோம். வெளியூர் போய் வந்தால்தான் அப்படி ஒரு வாசனை இருப்பதே தெரியும். பள்ளிக்கூடம், ரேஷன், டாக்டர் எல்லாவற்றுக்கும் தோணி ஏறி அக்கரைக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் கார்த்திகையில் பெரிய புயல். கடல் ஏறி வந்து கரையை வெட்டிக்கொண்டு போனது. படகு ஒன்று இரண்டாகப் பிளந்து மணலில் செருகிக் கிடந்தது. புயல் ஓய்ந்த வாரம், கருவாடு காயப்போடப் போன பக்கத்து வீட்டு அத்தை மணலில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் மணியைப் பொறுக்கி வந்தாள். பொன்னேரி ஆசாரி உரசிப் பார்த்துத் தங்கம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரன் கோட்டை இருந்ததும், அவன் கப்பல் முங்கியதும், கப்பலில் பெட்டி பெட்டியாகத் தங்கம் இருந்ததும் அன்றைக்கே எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. வலையைக் கீழே போட்டுவிட்டு ஊரே சல்லடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியது.

அடிதடி வந்துவிடும் என்று பஞ்சாயத்து கூடியது. ஏரியில் இறால் பிடிக்க எங்கள் பக்கம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடம் எந்த நாளில் எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்தவன் பாட்டில் வலை கட்டினால் குற்றம். அதே மாதிரி தங்கத்துக்கும் பாடு போட்டார்கள். கிடைக்காத தங்கத்தை உலகத்தில் வேறெங்காவது இப்படி நியாயமாகப் பங்கு பிரித்திருப்பார்களா என்று தெரியாது. உடைந்த படகிலிருந்து தெற்கே மணல்மேடு வரைக்கும் எங்கள் குடும்பத்துப் பாடு என்று விழுந்தது.

அந்த மணல்மேட்டைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துச் சொல்வதற்கு இது கதை இல்லை.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்போது நைனா வடக்கே ஆந்திரக் கரையில் தங்கித் தொழில் பார்க்கப் போயிருந்தார். பிள்ளை பிறந்த சேதி போனதும் அங்கேயே ஓர் ஆசாரியிடம் வெள்ளியில் அரைஞாண் செய்து, ஊர் திரும்புகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அரைஞாண் வந்தது, இடுப்பில் கட்டினார்கள், அந்த மாதமே பிள்ளை போய்விட்டான். நைனா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பல் முளைக்காத பிள்ளைக்கு எங்களிடம் காரியம் கிடையாது. ஆம்பிளை ஒருவர் துணியில் சுற்றித் தூக்கிப்போய் மணலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அடையாளம் வைக்கக்கூடாது. இடுப்பில் கட்டியதை அவிழ்க்கக்கூடாது. எங்கே என்று யாரும் கேட்கவும் கூடாது, தெரிந்தவர் சொல்லவும் கூடாது. மீறினால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். நைனா ஊர் திரும்பியதும் அந்த முறைப்படியே ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும், பிள்ளையைத் தூக்கிப்போன தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது, இடத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள். மணல்மேட்டில், இராவணன் மீசைப் புதரை ஒட்டி. சொன்ன தாத்தாவும் பிறகு போய்ச் சேர்ந்தார். மேட்டில் என் அண்ணன் இருப்பது அம்மா ஒருத்திக்கும், அவளோடு பிறந்த பெரியம்மாவுக்கும்தான் தெரியும். வேறு யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த பிள்ளை நான்.

இதெல்லாம் எனக்கு முழுசாகத் தெரிந்தது கல்யாணமான பிறகு, பெரியம்மா சொல்லித்தான். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. அக்கரை போய் மீன் விற்றுவிட்டு வரும் அம்மா நேரே வீட்டுக்கு வராமல், காலிக் கூடையில் கரை மணலை அள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போவாள். புயல் அந்த மேட்டில் பாதியை வெட்டியிருந்தது. வெட்டிய பக்கத்தில் மணலைக் கொட்டி, காலால் மிதித்து, அடம்பங்கொடியைப் பிடுங்கி வந்து நட்டுவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "காத்துல மணலு பறந்து வூட்டுக்குள்ள வருதுல்ல" என்பாள். மேட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஊர் பாதி கிடந்தது. நான் அந்தப் பதிலை அப்படியே நம்பினேன்.

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் இடதுகைக்காரி. வலை முடைவதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை, ஆனால் அவள் போடும் முடிச்சில் நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். நடுக்கடலில் வலையை இழுக்கும்போதே, "இது இடதுகை வேலைடா" என்று விரலால் தடவிச் சொல்லிவிடுவார்களாம். நான் வலை ஊசியில் நூல் ஏற்றிக் கொடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த முடிச்சைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

இப்போது சித்தப்பாவுக்கு வருகிறேன். நைனாவின் தம்பி. கடலுக்குப் போகப் பிடிக்காமல் சென்னையில் மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். புயலில் பிய்ந்த கூரையைப் போட உதவிக்கு வந்தவர், ஊர் மணல் சலிப்பதைப் பார்த்ததும் கூரையை மறந்துவிட்டார்.

"சல்லடையில சலிச்சா நம்ம பேரன் காலத்துக்குக்கூட முடியாது அண்ணே. நான் ஒரு மிசின் பண்றேன். மண்ணுக்குள்ள தங்கம் இருந்தா அது சொல்லும்."

"மண்ணுக்குள்ள கீறத அது எப்டிரா சொல்லும்?"

"சீட்டி அடிச்சிச் சொல்லும்."

நைனா சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. தம்பி மேல் அவருக்குப் பாசம், கரண்டு வேலை தெரிந்தவன் என்பதில் பெருமை. ஊரிலேயே எங்கள் வீட்டில்தான் அப்படி ஒரு ஆள் இருந்தார்.

சித்தப்பா சென்னைக்குப் போய் ரிச்சித் தெருவில் சில்லறைச் சாமான் வாங்கி வந்தார். எரிந்துபோன ஃபேனிலிருந்து செம்புக் கம்பியை உருவினார். கூனி இறால் சலிக்கிற மூங்கில் சல்லடையின் வலையைக் கிழித்துவிட்டு, அந்த வளையத்தில் கம்பியைச் சுற்றச் சொன்னார். சுற்றியது நான். கம்பிக்கு மேல் கம்பி ஏறக்கூடாது, நெளியக்கூடாது. சுற்றி முடித்ததும் உப்புக்காற்று படாமல் இருக்க மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, அதன் மேல் பாலிதீன் பையைச் சுற்றினோம். உருகிய மெழுகின் வாசனையும் ஈயப் பற்றவைப்பின் புகையும் அந்த வாரம் முழுக்க வீட்டில் நின்றன. சோப்பு டப்பாவுக்குள் மற்ற சாமான்களை வைத்து மூடினார். தோணி தள்ளுகிற பழைய மூங்கிலை வெட்டிக் கைப்பிடி ஆக்கினார். கடைசியில் பாக்கி இருந்தது ஒரு ரேடியோ.

வீட்டில் இருந்த ஒரே ரேடியோ அம்மாவுடையது. தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, தோல் உறை போட்டது. நைனா கடலில் இருக்கும் நாள்களில் அதில்தான் மீனவர்களுக்கான எச்சரிக்கையைக் கேட்பாள்.

"ரெண்டு நாளைக்குக் குடு அண்ணி. பிரிக்கமாட்டேன், பக்கத்துல கட்டி வெச்சிக்குவேன், அவ்ளோதான்."

"புயல் கியல் வந்தா எனக்கு யாரு சொல்றது?"

"அதான் ஒண்ணு இப்பதானே வந்துச்சி."

அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். எதற்கு என்று தெரிந்தேதான் கொடுத்தாள். கரையில் தங்கம் தேடப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

ரேடியோவைத் திருகி ஓர் இடத்தில் நிறுத்தினால், சோப்பு டப்பாவும் அதுவும் சேர்ந்து ஒரு சீட்டியைக் கிளப்பும். அது ஓடிக்கொண்டே இருக்கும். வளையத்துக்குக் கீழே உலோகம் வந்தால் சீட்டியின் சுரம் மாறும். அவ்வளவுதான் மிசின். ஆனால் அந்த மாற்றம் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை. சின்ன வயதில் சீழ் வடிந்து ஒரு காது மந்தம், மைக்செட் ஹாரனுக்குப் பக்கத்தில் நின்று நின்று மற்ற காதும் மந்தம். நைனா காதில் எப்போதும் கடல் இரைச்சல். ரேடியோவின் இயர்போனை என் காதில் மாட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் இரும்புக் கரண்டியை மணலுக்குள் புதைத்துவிட்டு என்னை நடக்கவிட்டார்கள். நான் நேரே போய்க் கரண்டி மேல் நின்றேன்.

"பாப்பா காதுதான்ணே மிசினு" என்றார் சித்தப்பா.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டில் அதுவரை யாரும் என்னை எதற்கும் தேடியதில்லை.

கரையில் அந்த மிசின் எங்கள் மானத்தை வாங்கியது. வலை காயப்போட்டு, வலை முடைந்து, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய மணல் அது. வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயமணி அதில் எத்தனை விழுந்து புதைந்திருக்கும்? ஓரடிக்கு ஒருமுறை சீட்டி மாறியது. தோண்டினால் ஈயமணி. நகர்ந்தால் மறுபடி ஈயமணி. படகாணி, தூண்டில், பீடி டப்பாத் தகரம். எதைத் தோண்டினாலும் கூடவே நைலான் நூல் சுற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமாக இறங்கினால் இன்னும் மோசம். உப்பு ஈரம் பட்டதும் கீழே ஒன்றுமே இல்லாமல் மிசின் தானாகவே ஊளையிட்டது. பக்கத்துப் பாட்டில் சலித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வந்தார்கள்.

"இன்னாபா, டச்சுக்காரன் ஈயத்ததான் வுட்டுட்டுப் போனானா?"

"வுடு மச்சான், வலைக்கு மணியாவது மிச்சம்."

நைனா அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் படுத்தார். கடலில் எந்த அலைக்கும் முகம் சுளிக்காத மனிதர், நாலு பேர் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. தங்கம் கிடைக்கவேண்டும் என்கிற ஆசை அன்றே போய், சிரித்தவன் வாயை அடைக்கவேண்டும் என்கிற ஆசை வந்துவிட்டது. அது முதல் ஆசையைவிடப் பொல்லாதது.

சித்தப்பா யோசித்துச் சொன்னார். ஈரம் இல்லாத மணல் வேண்டும், வலை புழங்காத மணல் வேண்டும். அப்படிப்பட்ட இடம் எங்கள் பாட்டில் ஒன்றே ஒன்று, மணல்மேடு. புயல் வெட்டிப் போட்டதால் ஆழத்தில் இருந்ததும் மேலே வந்திருக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அம்மா அப்போது கூனி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"மேடு நம்ம பாட்டுல சேராது. தண்ணி ஏறுற வரைக்கும்தான் பாடு."

"பஞ்சாயத்துல மேடு வரைக்கும்னுதான் சொன்னாங்க அண்ணி."

"மேடு வரைக்கும்னாங்க. மேடுன்னாங்களா?"

"இன்னாமே, காத்து கருப்புன்னு பயப்படுறியா?" என்றார் நைனா.

"ஆமா, பயம்தான். அங்க போவாதீங்க."

"அங்க இன்னாதான் கீது?"

"மணலு கீது."

"வெறும் மணலுக்கா அண்ணி தெனம் கூடையில மண்ணு தூக்கிப் போட்டு மூடிக்கினு கீற?" என்று கேட்டார் சித்தப்பா. கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது. நைனா முகமும் மாறியது.

அம்மா கூனியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு ஆம்பிளைகளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மிசினை ஓரம் கட்டியிருப்பார்கள். சொன்னால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டாள். நான் அவள் பார்த்ததை, என்னை எழுந்து போகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இயர்போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வெளியே போனதும் சித்தப்பா குரலைத் தணித்தார். "அண்ணே, அண்ணி புயல் அன்னிக்கே எதையோ பாத்துருக்குது. தாய் வூட்டுக்குப் பதுக்குதோ இன்னாவோ."

நைனா அவரை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. "சீ, சும்மா கெட" என்றார். பிறகு, "நாளைக்கு அவ அக்கரை போவட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா கூடையோடு தோணி ஏறினாள். பழவேற்காடு போய், பஸ் பிடித்துத் திருப்பாலைவனத்திலும் காட்டூரிலும் தெருத் தெருவாக விற்றுவிட்டு வருவாள். திரும்பப் பிற்பகல் ஆகும். தோணி ஏரியின் பாதிவரை போகும்வரை சித்தப்பா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூவரும் மேட்டுக்குப் போனோம்.

காய்ந்த மணலில் மிசின் அழகாக வேலை செய்தது. சீட்டி ஆடாமல் அசையாமல் ஒரே சுரத்தில் நின்றது. வாடைக்காற்று மணலை வாரி முழங்காலில் அடித்தது. நான் முன்னால், சித்தப்பா கைப்பிடியோடு பக்கத்தில், நைனா மண்வெட்டியோடு பின்னால். மேட்டின் வெட்டுப்பட்ட பக்கம் வந்தோம். அம்மா நட்ட அடம்பங்கொடி வேர் பிடித்து இரண்டு இலை விட்டிருந்தது. இராவணன் மீசைப் புதர் பக்கத்தில் வளையம் போனபோது சீட்டி மேலே ஏறியது.

"ஏறுது சித்தப்பா!"

"நெசமாவா?"

"ஏறுது, ஏறுது, இங்கதான்!" கத்திக்கொண்டு நான் குதித்தேன். என் கால் எதன் மேல் குதித்தது என்று இன்றைக்குத் தெரியும்.

நைனா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். மேலாக இருந்தது அம்மாவின் கூடை மணல். மீன் வாடை அடித்தது, நடுநடுவே செதில் மின்னியது. அதற்குக் கீழே பழைய மணல். ஒரு முழம்கூடப் போகவில்லை. கரிக்கட்டை நிறத்தில் சுருண்ட சங்கிலி ஒன்று கைக்கு வந்தது, பச்சை நைலான் நூல் சுற்றிக்கொண்டு. கூடவே வெள்ளையாகச் சில சின்னத் துண்டுகள்.

"சிப்பி" என்று சொல்லி சித்தப்பா அவற்றைப் புறங்கையால் குழிக்குள் தள்ளினார்.

நைனா சங்கிலியைத் தூக்கிப் பிடித்தார். கொலுசு அளவுதான் இருந்தது. "டச்சுக்காரன் பொண்டாட்டி கொலுசு" என்று சித்தப்பா சொன்னதும் அது டச்சுக்காரன் பொண்டாட்டி கொலுசு ஆகிவிட்டது. டச்சுக்காரன் காலத்தில் நைலான் ஏது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்கும். எங்களுக்கு நைலான் என்பது மண்ணோடு மண். அது இல்லாமல் எதுவும் வெளியே வந்ததே இல்லை, அதனால் அது கண்ணிலேயே படாது.

சங்கிலியை நான்தான் கையில் ஏந்தி வந்தேன். ஊர் பின்னால் வந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். நடந்துகொண்டே அதில் ஒட்டியிருந்த மணலை ஊதினேன். அந்தப் பச்சை நூல் அசிங்கமாக இருந்தது. நகத்தால் நோண்டினேன், முடிச்சு வரவில்லை, இறுக்கமான முடிச்சு. பல்லால் கடித்து அறுத்து, வலை முடைகிற மணலைக் கடக்கும்போது துப்பிவிட்டேன். நூல் போனதும் மடங்கியிருந்த பகுதி விரிந்து, சங்கிலி இன்னும் நீளமானது. எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் நைனா சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார். சுற்றி நின்றவர்களுக்குக் காட்டிக் காட்டித் தேய்த்தார். கருப்பு போய் வெள்ளி தெரிந்தது. தங்கம் இல்லையே என்று ஒருவர் இழுத்தார். பழைய வெள்ளிக்குத் தனி விலை என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். கொக்கி மட்டும் பாக்கி இருந்தது. நைனா அதைத் தேய்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். கொக்கி ஒரு சின்ன மீன் வடிவத்தில் இருந்தது. அவர் கை நின்றுவிட்டது. சங்கிலியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்து பின்வாசல் பக்கம் போனார். சாம்பல் கையைக் கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த மீனை ஆசாரியிடம் சொல்லிச் செய்யவைத்தவரே அவர்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த அவரும், கூட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்.

அத்தை அதை என் கணுக்காலில் சுற்றிவிட்டாள். "டச்சுக்காரச்சி, ஆடு பாக்கலாம்" என்றாள். நான் ஆடினேன். நைனாவைக் கேலி செய்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். சங்கிலி காலில் வழுக்கி வழுக்கி விழுந்தது. தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். யாரோ, "உன் வூட்டுக்கு யோகம் வந்துச்சிமே" என்றார்கள். அவள் தலையிலிருந்து கூடையை இறக்கினாள். அதற்குள் மணல் இருந்தது. மேட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள், அங்கே கொட்டாமல் அப்படியே கொண்டு வந்திருக்கிறாள். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் காலைப் பிடித்து நிறுத்தி, சங்கிலியைக் கழற்றினாள். என்னை அதட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து விரலால் கணுக் கணுவாகத் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"இதுல ஒரு முடிச்சி போட்டுருந்தனே, எங்க?"

"இன்னா முடிச்சி அண்ணி?" என்றார் சித்தப்பா.

"அரைஞாண் கொடி பெருசு, புள்ள சின்னதா இருந்தான். நழுவி நழுவிப் போச்சி. மடக்கி நைலான் போட்டுக் கட்டனேன். எங்க அது?"

பெண்களுக்கு முதலில் புரிந்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக ஆம்பிளைகள் தலையைக் குனிந்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார், மிசினைப் பார்த்தார், தன் புறங்கையைப் பார்த்தார். அந்தக் கையை வேட்டியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

நைனா வாசற்படியில் வந்து நின்றிருந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கேக்கவே இல்ல. நானும் சொல்லல."

"கேக்கக் கூடாதுன்னாங்களேமே" என்றார் நைனா. அத்தனை பேருக்கு முன்னால் அழுதார்.

நான்தான் சொன்னேன், நூலைக் கடித்துத் துப்பிவிட்டேன் என்று. எங்கே என்று அம்மா கேட்டாள். வலை முடைகிற மணலைக் காட்டினேன்.

அம்மா அங்கே போய் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். நைனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஊர் முழுக்கக் குந்தி உட்கார்ந்தது. தங்கத்துக்குச் சலித்த அதே சல்லடைகளைக் கொண்டுவந்து சலித்தார்கள். அந்த மணலில் நைலான் துண்டுக்குப் பஞ்சமா? பச்சை, நீலம், வெள்ளை, விரல் நீளம், நகத்தளவு, ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவிடம் நீட்டினார்கள்.

"இதுவா?"

அவள் வாங்கி, நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்ப்பாள். "இல்ல."

"இது பாரு."

"இல்ல."

சித்தப்பா மட்டும் மிசினைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நைலானுக்கு அது சீட்டி அடிக்காது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு அவரும் வந்து குனிந்தார். வெளிச்சம் இருக்கும்வரை தேடினோம். அவள் கையால் முடைந்த வலைகளின் துண்டுகள் அதில் இருந்திருக்கும், இடதுகை முடிச்சு சிலதும் கிடைத்தது. அம்மா அவற்றை விரலில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வலையோடது" என்றாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது.

புது நூல் தருகிறேன், மறுபடி கட்டிவிடு என்று அத்தை சொன்னாள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "அவன் இடுப்புல நான் கட்டனது அது ஒண்ணுதான்."

நைனாவும் அம்மாவும் மட்டும் மேட்டுக்குப் போய்ச் சங்கிலியை வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து நைனாவும் கூடை எடுத்தார். கடலுக்குப் போய் வந்ததும் மணல் தூக்குவார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தங்கத்துக்குப் போட்ட பாடு எதையும் அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. சித்தப்பா ரேடியோவை மிசினிலிருந்து அவிழ்த்துத் தோல் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனவர், அம்மா இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டதில்லை. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். ரேடியோவுக்குள் ஒரு சீட்டி தங்கிவிட்டது. அந்தச் சீட்டிக்கு நடுவில்தான் அம்மா புயல் எச்சரிக்கை கேட்டாள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வயது வரைக்கும் கல்லு மாதிரி இருக்கிறேன். அதை நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பயப்படாமல் அவள் சொல்லியிருக்கலாம்.

இத்தனை கூடை மணல் போட்டும் மேடு நிற்கவில்லை. இப்போது அந்த இடத்தில் அலை உடைகிறது. நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மா கடைசிவரை அந்த நூலைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் என்னை எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாலும் பேரப்பிள்ளைகள் சிப்பி பொறுக்குவார்கள். நான் அவர்கள் பின்னால் குனிந்து நைலான் துண்டுகளைப் பொறுக்குவேன். பாட்டி குப்பை அள்ளி ஊரைச் சுத்தம் செய்கிறாள் என்று மருமகள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். நான் மறுத்துச் சொன்னதில்லை. பச்சையாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்ப்பேன். இதுவரை கிடைத்ததெல்லாம் வலதுகை முடிச்சுதான்.